போய்ச் சேராத கட்டளை

மேசை மேல் இருந்த சோதனை மோட்டார் நிற்கவில்லை. நிறுத்தும் கட்டளையைக் கொடுத்த கையோடு கணினியையும் ஷட்டவுன் செய்திருந்தாள். திரை இருண்டது. மோட்டார் மட்டும் சற்று ஓய்வதும் சுற்றுவதுமாகத் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சொன்னபோதெல்லாம் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தது, இப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒளிந்து விளையாடும் பிழையைக் கண்ணெதிரே வரவழைப்பதுதான் பாதி வேலை; வேறு நாளாக இருந்தால் நாற்காலியை விட்டுத் துள்ளியிருப்பாள். இன்று உட்கார்ந்தபடியே நிரலைத் திறந்தாள்.

கணினியையும் மோட்டாரையும் இணைக்கும் சீரியல் போர்ட் என்பது ஒற்றையடிப் பாதை. கணினி சொல்வதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதில் போக முடியும். கணினி வேகமானது, கம்பி மெதுவானது. அதனால் வாசலில் ஒரு சின்னக் காத்திருப்பு அறை உண்டு. எதிர்முனையில் இயந்திரத்தை ஆட்டுவிக்கும் மின்னணு அட்டை 'கொஞ்சம் பொறு' என்றால், எழுத்துகள் அந்த அறையிலேயே வரிசையில் நிற்கும். வாசலைக் காப்பது டிரைவர் என்னும் மென்பொருள். மூடும் நேரம் வந்தால் அறை காலியாகும்வரை பொறுத்துப் பிறகு கதவைச் சாத்த வேண்டும். இந்த டிரைவரோ முதலில் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே நின்றதையெல்லாம் பெருக்கித் தள்ளியது. பெரும்பாலும் அறையில் யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. அட்டை பொறு என்ற அதே கண்ணிமைப்பில் மூடினால் மட்டும், கடைசிக் கட்டளை வெளியே வராமலே செத்துப்போகும். யாரோ எப்போதோ எழுதிய இரண்டு வரிகள் இடம் மாறிக் கிடந்தன.

வரிகளை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது மேலாளர் எட்டிப் பார்த்தார். அலுவலகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

"என்னம்மா, போர்ட்டுக்கு வழியனுப்பு விழாவா நடத்துறே? ஷட்டவுன்னா பட்டுன்னு மூட வேணாமா? அந்தப் பக்கம் கம்பியே அறுந்து கிடந்தா விடிய விடியக் காத்திருக்குமா?"

"கொஞ்ச நேரம்தான் சார் காத்திருக்கும். அப்பவும் போகலைன்னா, போகலைன்னு சொல்லிட்டு மூடும். சொல்லாம மூடாது." பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கண்ணன் வேலை பார்த்த ரொட்டித் தொழிற்சாலையில இருக்கறதும் இதே அட்டைதான் சார். இதே டிரைவர்தான்."

அவசரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அங்கே அண்ணன் மாவு பிசையும் இயந்திரத்தை ஓட்டியவன். ஷிப்டு வண்டி போய்விடும் என்று, நிறுத்தும் பொத்தானை அமுக்கியதும் கணினியையும் மூடிவிட்டு ஓடுவது எல்லோருக்கும் வழக்கம். அந்த இயந்திரம் பிசையும், ஓய்வெடுக்கும், மறுபடி பிசையும். அது ஓய்ந்திருந்த வேளையில், இருண்ட திரையை நம்பி, கழுவ வந்தவர் உள்ளே குனிந்தார். அவர் பிழைக்கவில்லை.

"அமுக்கினேன், அமுக்கினேன்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அட்டையின் பதிவில் அந்தக் கட்டளையின் சுவடே இல்லை. வீட்டில் விவரம் தெரிந்தவள் அவள்தான். "மெஷின் பொய் சொல்லாதுண்ணா. வந்திருந்தா வந்துச்சுன்னு பதிஞ்சிருக்கும். அவசரத்துல மறந்திருப்பே." பொறுமையாக, அவன் தலையாட்டும்வரை விளக்கினாள். விசாரணையிலும் அவன் அதையே ஒப்புக்கொண்டான். விளக்குவது அவளுக்குப் பிடிக்கும். அட்டை பொய் சொல்லவில்லைதான். வராததை வரவில்லை என்றது.

"உங்கண்ணன் அமுக்கினேன்னு வாயைத் திறந்து சொல்லட்டும்" என்றார் அவசரம். "விசாரணையைத் திரும்ப எடுக்கச் சொல்லி நானே போய் நிக்கிறேன். அவர் சொல்லாம, இப்படியும் நடந்திருக்கலாம்னு நாம மட்டும் சொன்னா, காதுல போட்டுக்க மாட்டாங்க."

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள். "வா. உன்கிட்டயாவது பேசறாரான்னு பாப்போம். எனக்கு இந்த வீட்டுல சுவர்தான் பேச்சுத் துணை."

அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். வேலை போனதிலிருந்து கிடங்கில் பெட்டி தூக்குகிறான். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவள் தம்ளரைக் காத்திருப்பு அறையாகவும் தட்டைக் கதவாகவும் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "நீ அமுக்கியிருக்கே. அது போய்ச் சேரல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் தட்டை எடுத்து ஓரமாக வைத்தான். "இல்ல பாப்பா. நான் அமுக்கல."

"அன்னிக்கு அப்படிக் கத்தினியேண்ணா!"

"பயத்துல கத்தினேன். நீ சொன்ன பிறகு நிதானமா நெனச்சுப் பார்த்தேன். இப்பவும் கண்ணை மூடினா தெரியுது. வண்டி ஹார்ன் அடிக்குது, எல்லாரும் ஓடுறாங்க, நானும் எந்திரிக்கிறேன்…"

"ஏங்க, ஒரு வார்த்தைதானே" என்றாள் அண்ணி. "அமுக்கினேன்னு சொல்லிடுங்களேன். யாருக்கு என்ன நட்டம்?"

"நடக்காததை எப்படிச் சொல்றது?"

அவன் குரலில் கோபமில்லை. தங்கைக்குப் புரியவைக்க வேண்டுமே என்கிற பொறுமைதான் இருந்தது. "இங்க பாரு" என்று வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை மேசையை நோக்கி மெல்ல இறக்கினான். மரப்பலகைக்கு ஒரு மயிரிழை மேலே விரல் நின்றது.

"இதோ, இங்க வரைக்கும்தான் கொண்டு போனேன்."

மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கீழே இறங்கவில்லை.