எட்டு சிலிண்டரும் ஒரு பம்பும்

ஃபோன்டானாவில் வெண்டல் ஹப்பர்டின் கராஜில் சனிக்கிழமை தவறாமல் நிபுணர் சபை கூடும். வெண்டல், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பர்ல், பலசரக்குக் கடை மேனேஜர் டுவேன். மூவருக்கும் நடுவில் 1932ஆம் வருஷத்து ஃபோர்டு ரோட்ஸ்டர் கார் ஒன்று, கூரையும் இல்லாமல் சக்கரமும் இல்லாமல், மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். பழைய உடம்பில் எட்டு சிலிண்டர் முரட்டு இன்ஜினை ஏற்றி, தெருவே திரும்பிப் பார்க்கிற ஹாட் ராடாக அதை ஆக்குவதுதான் திட்டம். திட்டத்துக்குப் பதினோரு வயது. கார்புரேட்டர் இரண்டு போடுவதா மூன்று போடுவதா என்ற விவாதமே நாலு வருஷத்தைத் தின்றிருந்தது.

வெண்டலின் மனைவி நாடீன் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். சபையின் பேச்சு அவள் காதில் விழும். மண்டைக்குள் ஏறாது.

1983 மார்ச்சில் ஒருநாள் போன் வந்தது. நாடீன் எடுத்தாள். இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் எல்மோ சார்ட்டெய்ன்.

"ஏழு வருஷமா உங்க இன்ஜின் என் பட்டறையில வழிய மறிச்சிக்கிட்டுக் கிடக்கும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள தூக்கலன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்."

வெண்டல் முதுகு பிடித்துப் படுத்திருந்தார். நாடீனே பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனாள். எல்மோ இன்ஜினைக் காலால் ஒரு தட்டு தட்டிக் காண்பித்தார்.

"எவனோ உள்ள தண்ணிய விட்டுட்டுப் பனியில போட்டு வச்சிருக்கான். உறைஞ்சு, உள்ளுக்குள்ளயே வெடிச்சுப் போச்சு. இது இனிமே எதுக்கும் ஆகாது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"கொண்டாந்த வாரமே. உன் வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே!"

வீட்டுக்கு வந்ததும் நாடீன் படுக்கை ஓரத்தில் நின்று கேட்டாள். "ஏழு வருஷமா செத்த இன்ஜினுக்கா கார்புரேட்டர் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

வெண்டல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அத வாங்குனவன் நானு. பர்லுகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? சொல்லிட்டா அப்புறம் சனிக்கிழமை என்னத்தப் பேசுறது?"

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது கோபமாகிவிட்டது. மறுநாள் மறுபடி எல்மோ முன்னால் போய் நின்றாள்.

"இதே மாதிரி நல்ல இன்ஜின் எங்க கிடைக்கும்?"

எல்மோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "துலேர் பக்கம் மேனி அவிலான்னு ஒருத்தரு. வால்நட் தோப்புக்காரர். அவரு கிணத்துல தண்ணி இறைக்கிறதே இதே மாதிரி இன்ஜின்தான். முப்பது வருஷமா ஒரே சீரா ஓடுது, ஒரு கீறல் கிடையாது. கேட்டுப் போனவங்கள எல்லாம் விரட்டிட்டாரு. நீ வாங்கிட்டு வா, நான் கட்டித் தர்றேன். ஆனா ஒண்ணு. யோசனை சொல்றேன்னு அந்த மூணு ஆம்பளைங்கள்ல ஒருத்தனும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

முதுகு தேறியதும் வெண்டலை ஏற்றிக்கொண்டு துலேருக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதுமே அவிலா கையை விரித்தார்.

"இன்ஜினக் குடுத்துட்டு மரத்துக்கு நான் என்னத்த ஊத்துறது? பீரையா?"

வெண்டல் கிணற்றோரம் போய்த் தலையைச் சாய்த்து நின்றார். நகராட்சித் தண்ணீர் இலாகாவில் இருபத்தாறு வருஷமாக அவருக்குப் பம்பு வேலை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

"உங்க பம்புல பேரிங் தேஞ்சிருக்கு. பாதித் தண்ணிதான் மேல வருது" என்றார்.

அவிலா முறைத்தார். "பார்க்காமலே சொல்றீரு?"

"அதோட சத்தமே சொல்லுதே. வீட்டுக்குக் கரன்ட் லைன் வந்திருக்குல்ல? ஒரு கரன்ட் பம்பு போட்டா தண்ணி ரெண்டு மடங்கு வரும். இந்த இன்ஜினே தேவைப்படாது. நானே மாட்டித் தர்றேன்."

அடுத்த சனிக்கிழமை சபை கூடவில்லை. வெண்டல் அவிலாவின் கிணற்றுக்குள் இறங்கி, யாரிடமும் யோசனை கேட்காமல், மதியச் சாப்பாட்டுக்குள் புதுப் பம்பை மாட்டி முடித்தார். தண்ணீர் வாய்க்கால் நிறையப் பாய்ந்தது. அவிலா தொப்பியைக் கழற்றிவிட்டு, இன்ஜினைத் தூக்க அவரும் ஒரு கை கொடுத்தார்.

எல்மோ ஆறு வாரத்தில் அதைக் கட்டினார். கூடமாட நின்றது நாடீன்தான். எண்ணெய் ஓடும் சின்னச் சின்னத் துளைகளில் முப்பது வருஷ அழுக்கு கெட்டித்துப்போயிருந்தது. டாக்டர் கழித்துப்போட்ட பல் சுரண்டும் ஊசிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். எல்மோ டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்கிட்ட இருக்கிறவனுங்களுக்கு இந்தக் கை கிடையாது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

வெண்டலின் கராஜில் வண்டி முதன்முதலாக உறுமிய அன்று பர்லும் டுவேனும் வந்திருந்தார்கள். எல்மோ யாரையும் கேட்காமல் இரண்டு கார்புரேட்டர் வைத்திருந்தார். பர்ல் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சத்தம் கொஞ்சம் கட்டையா இல்ல?"

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடையில் சரக்கு இறங்குகிறது என்று டுவேன் கிளம்பினார். வீட்டில் ஆள் தேடுவார்கள் என்று பர்லும் கிளம்பினார். அதற்கப்புறம் அவர்கள் சபை டுவேன் வீட்டுக்கு மாறியது. அங்கே ஒரு பழைய படகு இருக்கிறது.

அவிலாவின் வாய்க்காலைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் வெண்டலுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ரோட்ஸ்டர் துலேருக்குப் போகும். ஓட்டுவது நாடீன். பக்கத்து இருக்கையில் வெண்டல், மடியில் ஸ்பேனர் பெட்டி.

ஜூலையில் ஒருநாள் ஒரு தோப்பில் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. வெண்டல் தோள்வரை கிணற்றுக்குள் இருந்தார். குனிந்து பார்த்த ஒரு விவசாயி கேட்டார்.

"பம்பு டாக்டரே, இந்த வண்டிய யாரு கட்டுனது? இன்ஜின்ல ஹெட்டு என்ன, கேம் என்ன?"

பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் மணிக்கணக்கில் பதில் வைத்திருந்தவர்.

"அவகிட்ட கேளுங்க" என்றார் வெண்டல். "எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது. அந்தப் பதினாறாம் நம்பர் ஸ்பேனர இப்படிக் குடுங்க."