மச்சான் பார்த்த வைத்தியம்

தடாலென்று கதவு திறந்தது. முதலாளி உள்ளே வந்தார். பின்னாலேயே வால் மாதிரி அவருடைய மச்சான்.

மெயில் மறுபடி படுத்துவிட்டதாம். புது ஆர்டர் தர வேண்டிய கம்பெனி பதிலுக்காகக் காத்திருக்கிறதாம். இன்றைக்குள் சரியாகாவிட்டால், சர்வரைப் பார்த்துக்கொள்கிற அவள் வேறு வேலை தேடிக்கொள்ளலாமாம். முதலாளி சொல்லச் சொல்ல மச்சான் தலையாட்டினான். அந்த ஆபீஸில் அவன் உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை அதுதான். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில், 'கம்ப்யூட்டர் பொறுப்பு' என்று நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"சர்வரம்மா, சீக்கிரம். அப்படியே ரெண்டு காப்பி" என்றான். தினமும் சொல்கிற ஜோக். தினமும் அவனே சிரிப்பான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லைனைச் சோதித்தாள், நன்றாகவே இருந்தது. சர்வரில் இடமும் இருந்தது. ஆனால் உள்ளே நுழைய மட்டும் யுகமாகிறது. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று சர்வருக்கு ஒரு கணக்கு உண்டு. மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். யார் இப்படி அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்த்தாள். வெளியாள் ஒருவரும் இல்லை. எல்லாம் சொந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள், போன்கள்.

அக்கவுண்டன்ட்டின் மேஜைக்குப் போய் செட்டிங்கைத் திறந்தாள். 'நிமிடத்துக்கு ஒரு முறை மெயில் பார்' என்றிருந்தது.

மச்சான் சார்தான் எல்லாருக்கும் மாற்றினார் என்றார் அக்கவுண்டன்ட். மெயில் தாமதமாக வருகிறது என்றதும், அடிக்கடி கேட்டால் சீக்கிரம் தரும் என்று அரை மணிக்கு ஒரு முறை இருந்ததைப் பத்து நிமிடமாக்கினாராம். இன்னும் தாமதமானது, ஐந்தாக்கினார். அப்படியே இறங்கி இறங்கி ஒன்றில் வந்து நிற்கிறதாம்.

கழுதைக்குக்கூட உதை வாங்கினால் கொஞ்சம் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, தொங்கிக்கொண்டிருந்த இணைப்புகளை வெட்டிவிட்டாள். மெயில் மடமடவென்று பறந்தது.

முதலாளியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். ஆர்டர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவளுடைய சம்பளக் கணக்கை இன்றைக்கே முடித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"தப்பு யாரோடதுன்னு இப்பதானே சார் சொன்னேன்?"

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. உன்னை அனுப்பினா மெயில்தான் நிக்கும். அவனை அனுப்பினா வீட்ல சோறே நின்னுடும்."