இரண்டு பக்கமும் வசூல்

என் கணவர் கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பியது, அச்சு தேய்ந்து நின்றுபோன தேவாலய மணிக்கு நன்கொடை வசூலிக்க. மணியோசை பிடிக்காத எதிர்வீட்டுக்காரரிடம், "சரிபண்ணா சத்தம் குறைஞ்சிடும், அண்ணே" என்பார். பாடகர் குழுவில் பாடும் அக்காவிடம், "ஊருக்கே கேக்கும்க்கா" என்பார்.

"பொய் சொல்லியா கோயிலுக்கு வசூல்?" என்றேன்.

"வேணும்னா நீ உண்மையச் சொல்லி வாங்கிப் பாரு."

அன்று மாலை மாரடைப்பில் போய்விட்டார். மணி அடிக்காமலே அடக்கம் செய்தோம். அந்த ஆத்திரத்தில் மீதி வசூலுக்கு நானே இறங்கினேன். உண்மையைச் சொன்ன வீடுகளில் குடிக்கத் தண்ணீர்தான் கிடைத்தது. மறுவாரத்திலிருந்து அவர் பாட்டையே நானும் பாடினேன்.

மணி மறுபடி அடித்த ஞாயிறன்று, "நல்லா குறைஞ்சிருக்கு, தங்கச்சி" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"காதே கிழியுது" என்று பூரித்தார் அக்கா.

சத்தம் என்னவோ பழைய சத்தம்தான்.