லிஃப்ட்காரரின் காலணியில் கடல்மணல்

கோடையின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, பகல் முழுக்க ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியிலுள்ள மோட்டார் அறையில் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு வந்த லிஃப்ட்காரர் வாசலில் காலணியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு பிடி கடல்மணலும் உயிரோடு ஒரு நண்டும் விழுந்தன. நண்டு பக்கவாட்டாக நடந்து எதிர்வீட்டுக் கதவிடுக்கில் புகுந்துகொள்ள, எதிர்வீட்டார் அதைத் துடைப்பத்தால் வாளிக்குள் தள்ளினார்கள். மணலைப் பெருக்கியது யார் என்பதில் மட்டும் எங்கள் குடியிருப்பில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. சற்று நேரத்தில் வேன் வந்து நின்றது. லிஃப்ட்காரரின் மனைவி, மகள், மனைவியின் தங்கை, தங்கையின் கணவர், கூட வேலை பார்க்கும் சிநேகிதிகள் என்று வண்டி நிறையப் பேர் கடற்கரையிலிருந்து திரும்பி இறங்கினார்கள். எல்லோர் மூக்கும் வெயிலில் சிவந்திருந்தது, அது நியாயம். போகாத லிஃப்ட்காரரின் மூக்கும் அதே அளவு சிவந்திருந்தது, அதுதான் கேள்வி.

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எங்கள் குடியிருப்பில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர். வருகிறவரையெல்லாம் உட்காரவைத்து, இப்படித் தெரிகிறதா, அப்படித் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, எதையும் இரண்டு தடவை மாற்றிப் பார்க்காமல் நம்பாத பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பருவத்துக்கு ஒரு பயணம் என்ற ஏற்பாடும் அவளுடையதுதான்: கோடையில் கடல், மழை ஓய்ந்ததும் அருவி, குளிரில் மலை, நடுநடுவே நகரத்துப் பொருட்காட்சி. எல்லாம் வாரக் கடைசியில். ஆனால் அலுவலகங்கள் மூடிக் கிடக்கும் வாரக் கடைசியில்தான் லிஃப்டைப் பிரித்துப் போட முடியும் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து லிஃப்ட்காரர் ஒரு பயணத்துக்கும் போனதில்லை.

அன்றைக்கு நடந்த பேச்சு எங்கள் காதில் விழுந்தது. நாங்கள் யாரும் ஒட்டுக் கேட்கிறவர்கள் அல்ல; கட்டியவன் சுவரை மெல்லிசாகக் கட்டிவிட்டான்.

"என்னங்க இது?"

"மணல்."

"மோட்டார் ரூம்ல ஏது மணல்?"

"அதான்மா எனக்கும் புரியல."

"சரி, நண்டு? அதுவே லிஃப்ட்ல ஏறி, மாடி நம்பரை அமுக்கி மேல வந்துச்சா?"

அவர் அதற்கும் யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது, பதில் வர நேரமானது. வராமலே இருந்திருக்கலாம். "லிஃப்ட் நின்னுட்டு இருந்துச்சே, ஏறியிருக்க முடியாதே" என்றார்.

கண்ணாடிக்காரி கண்டுபிடித்தது இதுதான்: அவர் தங்களுக்குப் பின்னாலேயே கடற்கரைக்கு வந்திருக்கிறார், வேறு யாருடனோ. இந்த முடிவுக்கு அவளைக் கைபிடித்து அழைத்துப்போனவர் தங்கையின் கணவர், அதாவது லிஃப்ட்காரரின் சகலை. காப்பீட்டு அலுவலகத்தில், விபத்து நடந்தது என்று எழுதிக் கொடுக்கிறவர்களை நம்பாமலிருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். "அக்கா, இந்த மாதிரி கேஸ் எங்ககிட்ட வந்தா ரெண்டாவது பக்கமே புரட்ட மாட்டோம்" என்றார்.

அதன்பிறகு நடந்த எதுவும் லிஃப்ட்காரருக்குச் சாதகமாக இல்லை. அருவிக்குப் போன வாரம் அவர் தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார். தெருவில் ஒரு தூறல் கிடையாது. பொருட்காட்சிக்குப் போன சனிக்கிழமை, இங்கே இவர்கள் ராட்டினத்தில் ஏறிய அதே நேரம், அங்கே நின்றுபோன லிஃப்டுக்குள் நின்றபடி அவர் தலைசுற்றி வாந்தி எடுத்தார். சட்டையில் இளஞ்சிவப்பு ஐஸ்கிரீம் கறை வேறு. ஆம்பிளை எவன் இளஞ்சிவப்பு ஐஸ்கிரீம் வாங்குவான் என்று கண்ணாடிக்காரி தங்கையிடம் கேட்டு அழுதாள். அன்று இளஞ்சிவப்பு ஐஸ்கிரீமைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டவள் அவளுடைய மகள் என்பது அந்தக் கோபத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

குளிர்காலம் வந்ததும் அவள் மூன்றாம் மாடி அத்தையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். மலைக்குப் போகிற அன்று லிஃப்ட்காரர் எங்கே போகிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அத்தை இதற்கெல்லாம் கூப்பிடக் காத்திருக்கிறவள் இல்லை, கூப்பிட்டதே மரியாதைக்கு. காலையிலேயே அவர் பின்னால் போய், அந்த அலுவலகக் கட்டடத்துக் காவலாளியின் நாற்காலியைக் கேட்டு வாங்கி, மோட்டார் அறைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டாள். மனிதர் இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் பூசினார், கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டார், மறுபடி கிரீஸ் பூசினார். யாரும் வரவில்லை. ஆனால் உச்சி வெயிலில், மின்விசிறி சுற்றச் சுற்ற, அவர் வாயிலிருந்து புகை வந்தது. புருவத்தில் பனி உறைந்தது. பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அத்தை தன் சால்வையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அத்தை பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். விளைவு, அத்தையின் மேலும் சந்தேகம் வந்தது. சால்வை எதற்கு அங்கே போனது என்று சகலை கேட்டார். "அடப் பாவி, என் வயசுக்கு நான் அவனுக்குச் சால்வையா போடுவேன், மாலையா போடுவேன்?" என்று அத்தை அவரை மாடிப்படி வரை விரட்டினாள். எங்கள் குடியிருப்பு இரண்டு வாரம் இதைப் பேசியே பொழுது போக்கியது.

கண்ணாடிக்காரிக்கு அது பொழுதுபோக்கு இல்லை. அடுத்த கோடை தொடங்கும்போது அவள் பெட்டி கட்டி, தானும் மகளும் தங்கை வீட்டிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஏரிக்கு ஒரு பயணம் பேசியாகிவிட்டது. அது முடிந்து வேன் திரும்பும்போது வீட்டில் இறங்குவது பெட்டியை எடுக்க மட்டும்தான். லிஃப்ட்காரரிடமும் சொல்லிவிட்டாள். அவர் "நான் எங்கேயும் போகலம்மா" என்றார். ஒரு வருடமாக அதே வார்த்தை. அதுவும் அன்று காலை கழுத்தில் போன குளிரின் மலைக்காற்று வைத்த, இன்னும் ஆறாத வெடிப்போடு நின்றுகொண்டு.

போன கோடையின் கடற்கரைப் பயணத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. வரமுடியாதவரின் இடத்தை வேனில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. கைக்குட்டை போட்டு வைத்துவிடுவார்கள். இந்த ஒரு வருடமும் இரண்டாம் வரிசை ஜன்னலோரம் லிஃப்ட்காரரின் கட்டம்போட்ட கைக்குட்டைதான் ஊர் ஊராகப் போய் வந்தது. அன்று கண்ணாடிக்காரி அதை எடுத்துச் சுருட்டித் தன் பைக்குள் திணித்தாள். "இனிமே அந்த ஆளுக்கு என்ன சீட்டு? நீங்க உக்காருங்க தம்பி" என்றாள். சகலை உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் என்பதால் சந்தோஷமாகவே உட்கார்ந்தார்.

ஏரியில் இறங்கிக் குளித்த சகலை காய்ந்த தலையோடு கரையேறினார். பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படகில் போனார், திரும்பி வந்ததும், எப்போது படகு விடுவீர்கள் என்று கேட்டார். சாப்பாடு இறங்கிற்று, பசி அடங்கவில்லை. மதியம் தாண்டியதும் அவருடைய நகக்கண்களில் கறுப்பு ஏறத் தொடங்கியது. சோப்புப் போட்டார், மண் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. வேனில் திரும்பும்போது, கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அக்கா, அந்தப் பெரிய கட்டடத்து லிஃப்ட்ல பிரேக் லைனிங் சுத்தமா தேஞ்சு போச்சு. மாத்தலைன்னா இறங்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும்."

"தம்பி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலக்கா. கைக்குத் தெரியுது."

வாசலில் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஏரிப் பாசி தொங்கியது. கல்யாண நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவருடைய நகங்கள் சுத்தமாக இருந்தன. கண்ணாடிக்காரி இரண்டு பேர் கைகளையும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மாற்றி வைத்தும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். மன்னிப்பெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. சுவர் மெல்லிசுதான், கேட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். "தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வர்றேன், அந்தக் கழுத்தைக் காட்டுங்க" என்றாள், அவ்வளவுதான். சகலை அந்தச் சம்பவத்தை அலுவலகத்தில் விபத்தாக எழுதிக் கொடுத்துப் பார்த்தார். அங்கே யாரும் நம்பவில்லை.

கட்டம்போட்ட கைக்குட்டை மறுபடி இரண்டாம் வரிசை ஜன்னலோரத்துக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் மலைப் பயணத்துக்கு முந்தைய நாள் கண்ணாடிக்காரி இரண்டு கம்பளிச் சட்டை எடுத்து வைக்கிறாள்; ஒன்று பைக்கு, ஒன்று அவருடைய கருவிப் பெட்டிக்கு. போன குளிருக்கு மலைக்குப் போனவர்கள் பனிமூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ரொம்பக் குளிருதா?" என்று கேட்டாள். அவர் திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு, அங்க வெயில் வரும்போல இருக்கு" என்றார். அவள் தள்ளி நின்றாள். மோட்டார் அறையில் அவர் கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழற்றிவிட்டு, மதியத்துக்குள் லிஃப்டை ஓடவிட்டார்.