அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

பெத்தனி நீட்டிய கடிதத்தை வீட்டுச் சொந்தக்காரி லோர்னா இரண்டு முறை படித்தாள். ஒருவன் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறான், அதனால் சட்டப்படி வாடகை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்கிறாள் என்று, பெண்கள் காப்பகத்தின் முத்திரையோடு எழுதியிருந்தது. அவன் பெயர் மட்டும் இல்லை.

"யாரும்மா அந்த ஆளு?"

"பேர் சொல்லணும்னு கட்டாயமில்லையாம். நான் போறதும் யாருக்கும் தெரியக் கூடாது, லோர்னா."

லோர்னா தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. மாடியில் இரண்டு வருடமாகக் குடியிருப்பவள். ஒரு சத்தம் கேட்டதில்லை, ஒருவன் வந்து கதவைத் தட்டியதில்லை. ஏரிப் பக்கம் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் இடம் கிடைத்திருக்கும், அதற்குத்தான் இந்தக் காகிதம் என்று நினைத்தாள். பெத்தனி பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனதும் குடிவரும்போது அவள் எழுதிக் கொடுத்த பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: கர்ட், நண்பர். அந்த எண்ணுக்கே போன் போட்டாள்.

கர்ட் தணிவாகப் பேசினான். "அவ எப்பவும் இப்படித்தாங்க, இல்லாததெல்லாம் கற்பனை பண்ணிக்குவா. என்னைக்குக் காலி பண்றாளாம்?"

"சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டாள் லோர்னா.

மறுநாள் மதியம் ஒரு இளைஞன் இனிப்பு ரொட்டிப் பெட்டியோடு வாசலில் நின்றான்.

"மேடம், நான் பெத்தனியோட அண்ணன். மருந்தை மறந்துட்டு வேலைக்குப் போயிட்டா. மாடிச் சாவி கொஞ்சம் கொடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்."

அதே தணிந்த குரல். நேற்று நண்பன், இன்று அண்ணனா? லோர்னா பெட்டியை வாங்கவில்லை.

"என்ன மருந்து?"

"தூக்க மாத்திரை. நாலு நாளா தூக்கமே இல்ல அவளுக்கு. விடியக் காலை மூணு மணி வரைக்கும் அந்தப் பின் ரூம்ல லைட் எரியுது."

அந்த ஜன்னல் பின்சந்தில் நிற்பவனுக்கு மட்டுமே தெரியும்.

"சாவி பூட்டுக்காரர்கிட்ட இருக்குப்பா. அஞ்சு மணிக்கு வா" என்றாள், முகம் மாறாமல்.

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சிரித்துவிட்டுப் படியிறங்கினான்.

கதவைத் தாழிட்டு முதலில் போலீஸுக்கும், பிறகு மருத்துவமனைக்கும் போன் செய்தாள்.

"வீட்டுக்கு வராதே, பெத்தனி. ஒருத்தன் வந்தான். கர்ட். நீ காலி பண்றது அவனுக்குத் தெரியும்."

"நான் போறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. "நான்தான் சொன்னேன். உன் பேச்சு நிஜமான்னு பாக்க அவனுக்கே போன் பண்ணினேன்."

பெத்தனி அழவில்லை, திட்டவுமில்லை. "அந்த விண்ணப்பத்துல அவன் பேரை எழுதினேன்ங்கறதே மறந்துபோச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து மணிக்குக் கர்ட் வந்தபோது வாசலில் போலீஸ் நின்றது. அன்று அவனை விசாரித்து அனுப்பிவிட்டார்கள். அவன் பெத்தனியை நெருங்கக் கூடாது என்ற தடை உத்தரவு கிடைக்க மேலும் ஒன்பது நாள் ஆனது. அதற்குள் பூட்டு மாறியிருந்தது, காப்பகத்துப் பெண்கள் இருவர் வந்து சாமான்களை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஒப்பந்தத்தை முடித்து லோர்னா கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவர்களில் ஒருத்தி வாங்கிக்கொண்டாள்.

"பெத்தனி எங்க..." என்று ஆரம்பித்தாள் லோர்னா.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சில நாள் முன்பு லோர்னா பெத்தனியின் கடிதத்தைப் பார்த்த அதே சந்தேகப் பார்வை.

"ஒண்ணுமில்ல" என்றாள் லோர்னா. "நல்லா இருக்கச் சொல்லுங்க."