மூன்றாவது நாற்காலி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே ஒரு நாற்காலியில் தெரியாத்தனமாக உட்கார்ந்ததால்தான். அங்கே நான் ஒரு தப்பும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன், இப்போதே சொன்னால் என்னைப் பிடிக்காமல் போய்விடும்.

இரண்டாயிரமாவது ஆண்டு, மார்ச் மாதம். பெங்களூர் ஈஜிபுராவில் என் வீட்டுக்குக் கீழ்வீட்டில் வனஜா இருந்தார். அரசுக் கல்லூரியில் பொது நிர்வாகம் சொல்லிக்கொடுப்பவர். சிவில் சர்வீஸ் எழுதும் எம்.ஏ. பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் வீட்டு ஹாலில் மாதிரி இன்டர்வியூ நடத்துவார். மூன்று நாற்காலிகள். ஒன்றில் அவர். நடுவில் செக்ரடேரியட்டிலிருந்து ஓய்வுபெற்ற சேஷகிரி. மூன்றாவது, அன்றைக்கு வாசலில் யார் அகப்படுகிறாரோ அவருக்கு. தபால்காரர் உட்கார்ந்திருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உட்கார்ந்து, ரேஷன் கார்டு ஏன் இத்தனை தாமதமாகிறது என்று ஒரு பையனைத் திணறடித்திருக்கிறார்.

“டெல்லியில எதிர்ல யாரு உக்காருவாங்கன்னு தெரியாது சார். எல்லா மூஞ்சிக்கும் பழகணும்” என்பார் வனஜா.

நான் பேப்பர் இரவல் வாங்கப் போனேன். அகப்பட்டுக்கொண்டேன்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

“நீலசந்திராவின் குறுகிய சந்து ஒன்றில், வறுமையின்” — (வேண்டாம். வனஜா படித்தால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்.)

“படிப்பில் கெட்டிக்காரிதான் மகா. ஆனால்” — (ஆனால் என்ன ஆனால்? கெட்டிக்காரி. அவ்வளவுதான்.)

ஆகவே வனஜாவின் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். மெயின் தேர்வு விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்று ஓர் இடம் உண்டு. வனஜாவின் மாணவி மகா அதைக் காலியாக விட்டிருந்தாள்.

“ஹாபின்னு எதுவும் இல்ல மேடம். காலேஜ் விட்டா அம்மாகூட ஊதுபத்தி உருட்டுவேன். அதை எழுதட்டா?”

“அது வேலைம்மா.”

வனஜா பேனாவை வாங்கி, ‘பறவை நோக்குதல்’ என்று தன் கையாலேயே எழுதி, தபாலிலும் சேர்த்துவிட்டார். போனது போனதுதான். டெல்லி இன்டர்வியூவில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள்.

(வனஜாவை இங்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இருபத்தாறு வயதில் அவரும் அந்த இன்டர்வியூவுக்குப் போனவர். வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா இறந்தபின் டியூஷன் எடுத்துத் தம்பிகளைப் படிக்கவைத்ததைச் சொன்னார். எதிரே இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் தண்ணீர் டம்ளரைக்கூட நகர்த்தி வைத்தார். மார்க்கை மட்டும் போடவில்லை. அன்றிலிருந்து, தன் பிள்ளைகள் மேல் யாரும் பரிதாபப்படக் கூடாது என்பதில் அவர் வெறியாக இருந்தார். அது வெறும் பாசம் என்று எனக்குப் புரிய நாளானது.)

3

மகா மெயினில் பாஸாகிவிட்டாள். சந்தோஷம் ஒரு நாள்தான் நின்றது. ஏப்ரலில் இன்டர்வியூ, அவளுக்கோ காக்காயைத் தவிர ஒரு பறவையின் பெயரும் தெரியாது. அம்மா முத்தம்மா கொடுத்திருந்ததும் ஒரே ஒரு வாய்ப்பு. இந்தத் தடவை கிடைக்கவில்லையென்றால் கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் வேலை.

எழுதிய பொய்யை நிஜமாக்கிவிடுவது என்று வனஜா முடிவு செய்தார். இரவல் பைனாகுலரோடு இருவரும் விடியற்காலையில் லால்பாக் ஏரிக்கரைக்குப் போனார்கள். மடையான், மீன்கொத்தி, நீர்க்காகம். மகா ஒரு தடவை பார்த்தால் மறக்கவில்லை. வனஜாவுக்குத்தான் கடைசிவரை எல்லாமே கொக்கு.

“மேடம், அது கொக்கு இல்ல, கிளை.”

“சரி விடு, எனக்கு இன்டர்வியூ இல்ல.”

4

இப்போது என் முறை. மூன்றாவது நாற்காலி. என்ன கேட்பதென்று தெரியாமல் இதைக் கேட்டேன்: “எப்பலேருந்து பறவை பாக்கறீங்க?”

மூன்று வருடமாக என்பதுதான் தயார் செய்திருந்த பதில். மகா அதைச் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

“ஆறு வயசுலருந்து சார். மாடியில ஊதுபத்தி காயும். தகைவிலான் குருவி தலையை உரசற மாதிரி தாழப் பறந்தா மழை வரப்போவுதுன்னு அர்த்தம். ஓடிப்போய் வாரணும், நனைஞ்சா அத்தனையும் வேஸ்ட். அதனால படிக்கும்போதும் ஒரு கண்ணு மேலதான் இருக்கும். பேரு மட்டும் போன மாசம்தான் தெரிஞ்சுது.”

சேஷகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பேஷ். இதையே டெல்லியில சொல்லு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னை அறியாமல் உச்சுக்கொட்டினேன்.

வனஜா என் பக்கம் கையைக் காட்டினார். “பார்த்தியா? இதான் நடக்கும். மீன்கொத்தியைப் பத்தியே பேசிட்டு வா.”

“நான் மழையைப் பத்தித்தானே மேடம் சொன்னேன்” என்றாள் மகா. “கஷ்டத்தைப் பத்தி எங்க சொன்னேன்?”

 

5

முடிவுகள்.

(அ) மகா கலெக்டராகிறாள். சிவப்பு விளக்குக் கார் நீலசந்திரா சந்துக்குள் நுழைய முடியாமல் — அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

(ஆ) மூன்றாவது நாற்காலியில் முத்தம்மாவை உட்கார வைக்கிறேன். மகளைப் பார்த்து அவர் கேட்கும் ஒரே கேள்வி — இல்லை. நீங்கள் அழுதுவிடுவீர்கள். மறுபடி அதே உச்சுதான்.

(இ) டெல்லி ரயிலுக்கு முந்தைய ஞாயிறு. வனஜா மகாவை அருகில் உட்கார வைத்துச் சொன்னார்: “அந்த ஃபார்ம்ல நான் எழுதினது தப்பு. உன் கையிலேருந்து பேனாவைப் பிடுங்கியிருக்கக் கூடாது. ஆனா எனக்குப் பயமா இருக்குடி. ஒண்ணு செய்வோம். இன்னைக்கு மூணாவது ஆளுகிட்ட ஊதுபத்தியைச் சொல்லு. அவங்க உச்சுக்கொட்டலைன்னா டெல்லியிலயும் அதையே சொல்லு. கொட்டிட்டா, மீன்கொத்தி.”

நான் படியிறங்கி வந்தேன். வனஜா வழியை மறித்தார். “நீங்க வேணாம் சார். நீங்க இளகிடுவீங்க.”

அதனால்தான் நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். ஒரு கால் ஆடும், பழகிவிடும். மகா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து மூவருக்கும் வணக்கம் சொல்கிறாள். நான் கேட்ட அதே கேள்வியை நீங்கள் கேட்கிறீர்கள். அவள் மாடியைப் பற்றி, தகைவிலானைப் பற்றி, மழையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறாள்.

வனஜா மகாவைப் பார்க்கவில்லை. உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.