மூன்று நிற மாத்திரைகள்

என் வீட்டுக்காரருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். படுத்தாரா? இல்லை. எங்கள் பெயின்ட் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒரு பள்ளிக்கூடம் கேட்ட பச்சையைக் கலக்கிக்கொண்டிருந்தார். முன்பக்கம் வருகிறவர்களோடு வாயாடுவது என் வேலை. அந்த வாய் கடையோடு நிற்பதில்லை என்பார்கள். சொல்லட்டும்.

அவருக்கு எல்லாமே நிறம்தான். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, நிற மாதிரிச் சீட்டுகள் வைக்கிற பெட்டியில் அறை அறையாகப் போட்டுவிடுவார். வெள்ளை காய்ச்சலுக்கு, மஞ்சள் சளிக்கு, ரோஸ் உடம்பு வலிக்கு. அட்டை குப்பைக்கு. "பேரெல்லாம் யாரு படிக்கிறது? நிறம் வேற, வேலை வேற" என்பார். வாங்கிக் கொடுத்தது நான். நானும்தான் படிக்கவில்லை.

அன்று மத்தியானம் வெள்ளை தீர்ந்துவிட்டது என்று மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, முந்தாநாள் காய்ச்சலுக்கும் சளிக்கும் வாங்கினீங்க. நேத்து உடம்பு வலிக்கு. இப்ப திரும்பவும் காய்ச்சலுக்கு. வீட்டுல எத்தனை பேருக்கு முடியல?"

"ஒரே ஆளுதான். பத்து ஆளு பாடு படுத்துறாரு."

அவள் சிரிக்கவில்லை. மூன்று அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் விரல் வைத்துக் காட்டினாள். மூன்றிலும் பாராசிட்டமால்.

"மேல பூச்சு வேற, கூட சேர்த்திருக்கிறது வேற. ஆனா மூணுலயும் இது இருக்கு. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து நாலு கிராமைத் தாண்டக் கூடாது. ஐந்நூறு மில்லிகிராம்னா எட்டு மாத்திரை. நடுவுல நாலு மணி நேரமாவது விடணும். அவர் எத்தனை போட்டார்?"

எங்கள் கடையில் பச்சை கேட்டாலும் காவி கேட்டாலும் அவர் முதலில் திறப்பது ஒரே வெள்ளை டப்பாவைத்தான். அதில்தான் சொட்டுச் சொட்டாக நிறம் விடுவார். இருபது வருஷமாக அதைக் கலக்குகிற மனுஷனுக்கும் தோன்றவில்லை, விற்கிற எனக்கும் தோன்றவில்லை. எங்களைப் போல மண்டூகங்கள் வேறு எங்கே இருக்கும்?

ஓடிவந்து எங்கள் கடையை இழுத்து மூடினேன். "எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று முனகினார். நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும், ஈரல் கெட்டால் ஒரு நாள் இரண்டு நாள் வெளியே தெரியாது என்று அந்தப் பெண் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரி. "நேத்தும் இன்னைக்கும் மொத்தம் எத்தனை மாத்திரை?" என்று கேட்டாள்.

"வேளைக்கு ஒண்ணு. நாலோ அஞ்சோ இருக்கும்" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இவர் புளுகுவது எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைக் கையமர்த்தினாள்.

"ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஆனா விட்டு விட்டுப் போட்டிருக்கீங்க, ரத்தத்துல மட்டும் முழுசா தெரியாது. சரியான கணக்கு தெரிஞ்சா, ஈரலைக் காப்பாத்துற மருந்தை இப்பவே ஏத்திடலாம். நேரம் போகப் போகத்தான் ஆபத்து."

அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். டப்பாவைக் கவிழ்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிற பார்வை. இந்த மனுஷன் சாவுக்குப் பயப்படவில்லை, எனக்குப் பயப்படுகிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் வெளிய நிக்கிறேன். டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அது மெல்லிய துணி, எல்லாமே கேட்டது.

"நேத்து பன்னெண்டு. இன்னைக்கு இதுவரைக்கும் எட்டு. வேலை கிடக்குன்னு எல்லாத்தையும் சேர்த்துச் சேர்த்துப் போட்டுட்டேன். டாக்டரம்மா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

இருபது. நர்ஸ் மருந்துப் பையோடு ஓடியதைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் ரத்த அறிக்கையோடு வந்தாள். ஈரல் தப்பித்தது, கணக்கைச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று என்றாள். அவள் போனதும் கட்டிலோரம் உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் நான் சும்மா இருந்தது இவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, போர்வையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னென்ன எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

போர்வையைத் திருகுவதை விட்டார்.

"ஆறு மாசமா இடது காது சரியா கேக்கல."

நான் எழுந்து, நாற்காலியை அவருடைய வலது பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.